அலுமாரிக்கு மேலே எட்டு வருடம் கிடந்த போத்தல்: எமது மண்ணில் ஏன் எதுவும் முதிர்வதில்லை?

இந்த வருடம் வைகாசியில், தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தி முடிந்த கிழமை, ஆலையடிவேம்பில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் இரண்டு வைன் போத்தல்களைத் திறந்தோம். சடங்கு முடியும்வரை அவற்றை வீட்டுக்குள் வைக்கவே பெரியம்மா விடவில்லை.

இரண்டும் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியிலுள்ள மேர்சோ என்ற கிராமத்தின் வெள்ளை வைன். இரண்டும் ஷார்டொனே என்ற திராட்சையில் செய்யப்பட்டவை. தயாரித்தவர் ஒருவரே. இரண்டும் 2014ஆம் ஆண்டு அறுவடை. ஒன்று பரிஸில் ஒரு நிலக்கீழ் அறையில் கிடந்து, பெரியம்மாவின் மகனுடைய பயணப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வந்தது. மற்றது 2017இல் ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் கொடுத்தனுப்பியது. அன்றிலிருந்து எட்டு வருடமாக அது தகரக் கூரையின் கீழே, அலுமாரிக்கு மேலே, பழைய ஆல்பங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அண்ணன் பரிஸில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். முதல் ஆறு வருடம் கோப்பை கழுவினார். இப்போது அங்குள்ள வைன் களஞ்சியம் அவருடைய பொறுப்பு. அவர் விலையைச் சொன்னபோது நான் கணக்குப் பார்த்தேன். ஒரு கட்டுரைக்கு எனக்குக் கிடைக்கும் கொடுப்பனவை விட அந்த ஒரு போத்தல் அதிகம்.

போரால் பாதிக்கப்பட்டவர்கள் வாசிக்கும் ஒரு தளத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. எங்கள் குடும்பத்திலும் மது ஓர் உயிரை எடுத்திருக்கிறது. பெரியப்பா 2013இல் ஈரல் பழுதாகி இறந்தார். போர்க்காலத்தில் தொடங்கிய குடி, போர் முடிந்த பிறகு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே இது மதுவுக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை அல்ல. அந்த இரண்டு போத்தல்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, எமது மண்ணின் பொருளாதாரம் பற்றி எனக்கு ஒரு விடயத்தை விளங்க வைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு கிளாஸ்கள்

அண்ணன் இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களை வெள்ளைத் துணி ஒன்றின் மேல் வைத்தார். பரிஸிலிருந்து வந்த போத்தலை ஐஸ் போட்ட வாளியில் வைத்து எடுத்திருந்தார். ஆனால் அதிகம் குளிரவிடவில்லை. பத்து முதல் பதின்மூன்று பாகை செல்சியஸ்தான் இதற்கு அளவு. அதற்குக் கீழே போனால் மணம் அடங்கிவிடும். எங்கள் ஊர்ச் சூட்டில் அந்த அளவு பத்து நிமிடம்கூட நிற்காது.

"தங்கச்சி, முதல்ல நிறத்தப் பார். மறுகா மண. வாயில வைக்கக்குள்ள அவசரப்படாத" என்றார்.

முதல் கிளாஸின் நிறம் வெளிறிய பொன். விளிம்பில் மெல்லிய பச்சைச் சாயல் இன்னும் இருந்தது. மணத்தில் முதலில் எலுமிச்சைத் தோல், அதன் பின் வறுத்த கச்சான், வெண்ணெய் தடவிச் சுட்ட பாண், கடைசியாகச் சிறிது தேன். வாயில் வைத்தால் இனிப்பு இல்லை. நொதிக்கும்போது திராட்சையின் சீனி ஏறக்குறைய முழுவதும் மதுசாரமாக மாறிவிட்டால் அதை 'உலர்' வைன் என்பார்கள். தேன் மணக்கிறது, நாக்கில் தேன் இல்லை. புளிப்பு கூர்மையாகத் தொடங்கி மெதுவாக விரிந்தது. விழுங்கிய பின்னும் அரை நிமிடத்துக்கு மேல் சுவை நின்றது. அந்த நீளத்தை வைத்துத்தான் தரத்தை அளப்பார்களாம்.

இரண்டாவது கிளாஸ் வெறுந்தேநீர் நிறம். தக்கை பாதி வெளியே தள்ளியிருந்தது. பக்கத்தால் கசிந்து காய்ந்த தடமும் இருந்தது. மணத்தில் அழுகிய அப்பிள், பழைய விநாகிரி, ஈரக் காட்போட். ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினேன்.

"இது செத்துப்போச்சு" என்றார் அண்ணன்.

பெரியம்மா எட்டி நின்று கேட்டார்: "எட்டு வருசம் பத்திரமா வச்சிருந்தன் மனே. பழசானாத்தான் நல்லம் எண்டு நீதானே சொன்ன?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. இரண்டு போத்தல்களும் பழசாகின. ஒன்றுதான் முதிர்ந்தது.

காலம் மட்டும் போதாது

வெள்ளை வைன்களில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டியவை. வருடக்கணக்கில் முதிரக்கூடியவை சில. நல்ல பர்கண்டி ஷார்டொனே அவற்றில் ஒன்று. காரணம் அதன் அமிலமும், செறிவும், செய்யப்படும் முறையும்.

பிழிந்த சாறு 228 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் நொதிக்கிறது. நொதித்து முடிந்த மதுவம் இறந்து அடியில் வண்டலாகத் தங்கும். அந்த வண்டலோடு வைனை மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அது வைனுக்குக் கனத்தைக் கொடுப்பதோடு ஒட்சிசனையும் உறிஞ்சிக் காவல் காக்கிறது. இதற்கிடையில் இரண்டாவது மாற்றம் ஒன்று நடக்கிறது. பச்சை அப்பிளின் புளிப்பைத் தரும் மலிக் அமிலத்தை பக்றீரியாக்கள் லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிரிலும் அதே அமிலம்தான். வெண்ணெய் மணம் வருவது இந்த மாற்றத்தினால். பாண் மணத்தின் ஒரு பகுதி, உள்ளே நெருப்பில் வாட்டிய ஓக் பலகையிலிருந்து வருகிறது.

போத்தலில் அடைத்த பிறகு நடப்பது மிக மெதுவான வேலை. தக்கையினூடாக மிகச் சிறிதளவு ஒட்சிசன் உள்ளே போகிறது. பாதுகாப்புக்காகச் சேர்த்த கந்தகவீரொட்சைட்டு வருடாவருடம் குறைகிறது. பழ மணம் ஒதுங்க, தேன், கொட்டை, உலர்ந்த பழ மணங்கள் மேலே வருகின்றன. இதற்குச் சுமார் 12 பாகை செல்சியஸ், இருட்டு, ஈரப்பதன், அசைவின்மை நான்கும் வேண்டும். வெப்பம் கூடினால் இரசாயனத் தாக்கம் விரைவாகும் என்பது பாடசாலையில் படித்த விஞ்ஞானம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தகரக் கூரையின் கீழ் அந்தப் போத்தலுக்கு ஒரு வருடம் பல வருடங்களாக ஓடியிருக்கும். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியது. வெளியே வந்த அளவுக்குக் காற்று உள்ளே போனது.

எல்லா வசதியும் இருந்தாலும் தவறலாம். 1995, 1996ஆம் ஆண்டு அறுவடைகளிலிருந்து பர்கண்டியின் மிக விலையுயர்ந்த வெள்ளை வைன்கள் பல, எதிர்பார்த்த காலத்துக்கு வெகு முன்பே பழுப்பாகிப் பாழாயின. தக்கை, கந்தகத்தின் அளவு, பிழியும் முறை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஒரே காரணம் என்று எதையும் அறுதியிட முடியவில்லை. வாங்கி வைத்தவர்கள் பணத்தை இழந்தார்கள். ஆனால் தோட்டங்கள் அவர்களிடமே இருந்தன. பிழையைத் திருத்தி அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் செய்துபார்க்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு சட்டம்

ஷார்டொனே உயர்குடிப் பிறப்பு அல்ல. பினோ என்ற மதிப்புமிக்க திராட்சைக்கும், குவே பிளான் என்ற ஏழை விவசாயிகளின் திராட்சைக்கும் பிறந்தது அது. 1999இல் மரபணு ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. குவே பிளான் மட்டமானது என்று சொல்லி அதை நடுவதைத் தடைசெய்த காலங்களும் உண்டு. இன்று அதன் பிள்ளை உலகெங்கும் விளைகிறது.

ஒரே திராட்சை உலகெங்கும் விளையும்போது மேர்சோவுக்கு மட்டும் ஏன் அந்த விலை? விடை நிலத்தில் இருக்கிறது. பர்கண்டியில் திராட்சைக் காணிகள் நூற்றாண்டுகளாகத் துண்டு துண்டாகப் பெயரிடப்பட்டு, எல்லையிடப்பட்டு, பதியப்பட்டவை. அத்தகைய 1,247 காணித் துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பெயரை இந்த எல்லைக்கு வெளியே யாரும் பயன்படுத்தக்கூடாது என்பதற்குப் பிரான்ஸில் 1935 முதல் தேசிய அளவில் சட்ட ஒழுங்கு இருக்கிறது. எந்தத் திராட்சை, ஒரு ஹெக்டேயருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதுவரை அது வரையறுக்கிறது.

ஆக, அண்ணன் கொண்டுவந்த போத்தலின் விலையில் திராட்சைக்கும் உழைப்புக்கும் உரியது ஒரு பகுதிதான். மீதி, பறிபோகாத ஒரு காணிக்கும், திருட முடியாத ஒரு பெயருக்கும், பத்து வருடம் கழித்தும் இந்த ஊர் இங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் உரியது. ஒரு பொருளை முதிரவிடுபவர் இன்றைய வருமானத்தைத் தள்ளிப்போடுகிறார். நாளை தன் கையில் இருக்கும் என்று தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும்.

எங்களிடம் என்ன இருந்தது?

திராட்சையும் வைனும் எங்களுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. யாழ்ப்பாணம் வாசாவிளானுக்கு அருகே தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் ஒரு துறவியர் ஆச்சிரமத்தைத் தொடங்கினார். உழைத்து உண்பது அந்தத் துறவிகளின் ஒழுங்கு. அவர்களுடைய திராட்சை வைனும் நெல்லி ரசமும் ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டன. 'தோலகட்டி வைன்' என்றால் யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மேர்சோ என்பது எப்படி ஊரும் வைனுமாக இருக்கிறதோ, அப்படித்தான் தோலகட்டியும் இருந்தது.

1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். தோலகட்டியும் அதில் அடங்கியது. நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. சபையினர் வேறு இடங்களில் தயாரிப்பைத் தொடர்ந்தார்கள். தொழில் பிழைத்தது. ஆனால் அந்த மண்ணுக்கும் அந்தப் பெயருக்கும் இடையில் இருந்த தொடர்பு பல தசாப்தங்களுக்கு அறுந்துபோனது. கொடி நட்டால் ஏறக்குறைய மூன்றாவது வருடம்தான் முதல் அறுவடை. நாற்பது வருடக் கொடியின் பழம் செறிவானது என்று பிரெஞ்சுக்காரர் தேடி வாங்குகிறார்கள். 1990இல் தோலகட்டியில் நின்ற இளங்கொடி ஒன்று நின்றிருந்தால் இன்று அதற்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்.

பனையும் தென்னையும் எங்கள் உண்மையான திராட்சைகள். கள்ளு இறக்கிய சில மணி நேரத்திலேயே நொதித்துவிடும். மறுநாள் புளித்து விநாகிரியின் பக்கம் போகும். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத கருப்பணி கிடைக்கும். இவை அன்றன்றைய பானங்கள். அவற்றுக்குக் காலத்தைக் கொடுக்கும் வழி வடித்தலும் மரத்தில் முதிரவிடுதலும்தான்.

தென்னிலங்கை இதைச் செய்கிறது. தென்னங்கள்ளில் வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வருடக்கணக்கில் வைத்து, வெளிநாட்டுச் சந்தைக்கும் அனுப்புகிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு ஓக் எப்படியோ, இலங்கைச் சாராயத்துக்கு ஹல்மில்ல அப்படி. அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'திருகோணமலை மரம்'. மரம் எங்கள் கிழக்கின் பெயரில் இருக்கிறது. அதில் முதிரும் செல்வம் எங்களிடம் இல்லை.

வடக்கில் 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. மரமேறும் தொழிலாளரைத் தரகரிடமிருந்து காப்பாற்றிய முயற்சி அது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை வந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. அடித்தளம் சரியாகவே போடப்பட்டது. பிறகு போர். இலட்சக்கணக்கான பனைகள் ஷெல்லுக்கும் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போயின. ஒரு பனை பயன் தரப் பதினைந்து வருடமாவது வேண்டும். திக்கம் வடிசாலை இயங்கியதைவிட மூடியதும், மீளத் திறப்பது பற்றிய அறிவிப்புகளும்தான் செய்தியாகின. அன்றைய கள்ளை அன்றே விற்க வேண்டிய ஒருவரிடம், பத்து வருடம் கழித்து விற்கும் சரக்கைப் பற்றி யார் பேசுவது?

இன்னொரு போர் மண்

போர் என்றால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. லெபனானின் ஷத்தோ மியூசார் வைன் நிறுவனத்தின் கதையை அண்ணன் சொல்லித்தான் தேடி வாசித்தேன். தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கில். வைன் செய்யும் இடம் பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீர் என்ற ஊரில். 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில், பறித்த திராட்சை லொறிகளில் போர்முனைகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. 1976ஆம் ஆண்டுக்கு அவர்களிடம் வைனே இல்லை. மற்ற வருடங்களில் எப்படியோ செய்தார்கள். அதை நடத்திய செர்ஜ் ஹோஷாரை பிரித்தானிய வைன் சஞ்சிகையான டிகன்டர் 1984இல் தனது முதலாவது 'ஆண்டின் சிறந்த மனிதர்' எனத் தெரிவு செய்தது.

அவர்களுடைய வெள்ளை வைன் ஒபெய்தே, மெர்வா என்ற உள்ளூர்த் திராட்சைகளில் செய்யப்படுவது. ஒபெய்தேதான் ஷார்டொனேயின் மூதாதை என்று அங்கு நெடுங்காலமாகச் சொல்வார்கள். மரபணு ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் முதிர்வில் அது ஷார்டொனேக்குக் குறைந்ததல்ல. அறுவடை செய்து பல வருடம் களஞ்சியத்தில் வைத்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். குண்டு விழுந்த காலத்திலும் அந்த வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை.

வேறுபாடு என்ன? அவர்களுடைய தோட்டத்துக்குப் பக்கத்தால் போர் போனது. எங்கள் தோட்டத்துக்குள் போர் முகாம் போட்டது. ஷெல் அடியில் ஒரு வருட அறுவடை போகும். வேலி அடைத்து முப்பது வருடம் உள்ளே விடாவிட்டால், முதிர்வதற்கு மரமும் இல்லை, கைப்பழக்கமும் இல்லை. 2024 இலையுதிர் காலத்தில் பெக்கா பள்ளத்தாக்கு மீண்டும் கடும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அந்த மக்களின் துயரம் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். எனினும் தோட்டம் எங்கே, யாருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

மூன்று மாத அவகாசம்

எங்களிடம் அந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. 2025 பங்குனி 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணிகளாகும் என்றது. இடம்பெயர்ந்து உறுதிகளைத் தொலைத்தவர்களுக்கும், புலம்பெயர்ந்து வாழ்பவர்களுக்கும் மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்தது. ஆனி மாதக் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் பின்வாங்கியது.

அதே வருடம் சித்திரையில் வாசாவிளான் – பலாலி வீதி முப்பது வருடங்களுக்கு மேலாக மூடியிருந்து திறக்கப்பட்டது. பகல் வேளையில் மட்டும், நிபந்தனைகளுடன். தோலகட்டி இருக்கும் திசை அது. பகலில் மட்டும் போகலாம் என்று வீதி திறக்கப்பட்ட இடத்தில் இருபது வருடத் திட்டம் போடுவது எப்படி?

எங்கள் அம்பாறைக் கரையோரத்துக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. பொத்துவில் கனகர் கிராம மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். தங்கள் காணிக்குத் திரும்ப வேண்டும் என்று 2018 முதல் தெருவோரத்தில் போராடினார்கள். காடாகிவிட்டது என்பது அரச தரப்பின் வாதம். உள்ளே விடாமல் இருபத்தெட்டு வருடம் வைத்திருந்தால் எந்தக் காணியும் காடாகும். அலுமாரிக்கு மேலே கிடந்த போத்தலைப் போல.

காணிக்கு இப்படி அவகாசம் பிடிக்கும் அரசு, மதுபானசாலை அனுமதிக்குப் பிடிப்பதில்லை. 2024ஆம் ஆண்டில் மாத்திரம் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்ட பட்டியல் அந்த வருடம் மார்கழியில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. போரால் அழிந்த கிளிநொச்சி போன்ற மாவட்டங்களும் அதில் இருந்தன. அரசியல் இலஞ்சமாக அவை கொடுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எங்கள் ஊர்களுக்குக் கிடைப்பது வேறெங்கோ வடித்து, வேறெங்கோ முதிர்ந்து, வேறெங்கோ இலாபம் சேரும் சரக்கின் சில்லறைக் கடை. மது தரும் வருமானம் தெற்கில். மது தரும் நோய் எங்கள் வீட்டில்.

வரி கூடக்கூட, வாங்க முடியாதவர்கள் கசிப்புக்குப் போகிறார்கள். கசிப்பு என்பது காலமே இல்லாத மது. சீனியும் மதுவமும் போட்டு ஒரு கிழமைக்குள் வடித்து, அன்றிரவே குடித்து முடிப்பது. பெரியப்பா கடைசியில் குடித்தது அதைத்தான். பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேர்சோவும் அதில் விதிவிலக்கு அல்ல.

இன்னொரு முரணையும் பதிவு செய்ய வேண்டும். 1979ஆம் ஆண்டு வர்த்தமானி ஒன்றின்படி இலங்கை மதுக்கடைகளில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது. 2018 தை மாதம் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நீக்கத்தை இரத்துச் செய்யப் பணித்தார். நான் குடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. குடியின் விலையைக் கொடுப்பவர்கள் பெண்கள். எங்கே கடை வரலாம், எந்தத் தொழில் ஊருக்குள் வளரலாம் என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்கள் இல்லை.

என்ன செய்யலாம்?

அன்று மாலை அக்கரைப்பற்றிலிருந்து ஊடக நண்பர் ஒருவர் வந்திருந்தார். நானா என்றுதான் அவரை அழைப்பேன். மதுவைத் தொடாதவர். தேநீரோடு இருந்து எல்லாவற்றையும் கேட்டார். "சரி, சாராயத்த விடுங்க. வருசம் போகப் போகப் பெறுமதி கூடுற சாமான் எங்கட கரையோரத்தில வேற என்ன இருக்கு?" என்றார்.

நல்ல கேள்வி. பழைய நெல்லரிசி இருக்கிறது. தென்னங்கள்ளு விநாகிரி இருக்கிறது. மண் சாடியில் போட்ட மீன் சாடி இருக்கிறது. அவற்றுக்கு ஊரின் பெயரும், தரக் கட்டுப்பாடும், சட்டப் பாதுகாப்பும் கொடுக்க முடியும். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கையிலிருந்து அதைப் பெற்ற முதற்பொருள் அது. கறுவாவுக்கு முடியுமென்றால் பனங்கட்டிக்கும், பனங்கற்கண்டுக்கும், கிழக்கின் விநாகிரிக்கும் ஏன் முடியாது? தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஒரே பெயரைக் கோரக்கூடிய பொருள்கள் இவை. எல்லைத் தகராறுகளால் களைத்துப்போன இந்தக் கரையோரத்துக்கு அது சின்ன விடயம் அல்ல.

ஆனால் வரிசை முக்கியம். புலம்பெயர் முதலீட்டாளர் மாநாடுகளில் முதலில் பேசப்படுவது பணம், பிறகு சந்தை, கடைசியில் காணி. பர்கண்டி கற்றுத்தருவது தலைகீழான வரிசை. முதலில் காணி, அடுத்து பெயர், அதன் பின் காலம். பணம் தானாகக் கடைசியில் வருகிறது. ஆகவே வடக்குக் கிழக்கின் பனை, தென்னை, திராட்சை உற்பத்தி பற்றி எந்த அமைச்சர் பேசினாலும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். அந்த மரம் நிற்கும் காணியின் உறுதி யாரிடம் இருக்கிறது? அந்த ஊர்ப் பெயரை வேறொருவர் எடுத்து விற்காமல் தடுக்கும் பதிவு எங்கே? இன்று விற்காமல் ஐந்து வருடம் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்த ஐந்து வருடமும் கடன் யார் கொடுப்பது?

இதற்கு விடை இல்லாத அபிவிருத்தி எல்லாம் அலுமாரிக்கு மேலே வைத்த போத்தல்தான். பதினாறு வருடம் போய்விட்டது, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று கொழும்பில் சொல்கிறார்கள். காலம் தனியே எதையும் ஆற்றுவதில்லை, முதிர்விப்பதும் இல்லை. அது எப்படி வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

அண்ணன் மிச்சத்தை முற்றத்துத் தென்னையடியில் ஊற்றினார். கழுவிக் காயவைத்த போத்தல்கள் இரண்டும் நல்லெண்ணெய்க்கு உதவும் என்று பெரியம்மா எடுத்துக்கொண்டார். அந்தத் தென்னையை நட்டவர் பெரியப்பா. காய்க்கத் தொடங்கி ஆறு வருடம். அந்தக் காணிக்கு இன்னும் உறுதி இல்லை.